டாக்டரம்மாவின் ஞாயிற்றுக்கிழமை டயர்கள்

நான்கு டயர்களும் கண்ணாடிப் பேப்பர் சுற்றி மதுரையிலிருந்து பார்சல் வண்டியில் வந்து இறங்கிய அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஐப்பசி மழை சற்று விட்டிருந்தது. மலை பாதி தெரிந்தது, பாதி மேகத்துக்குள் இருந்தது. தெரு முழுக்க ஏலக்காய் வாசனை. போடியிலேயே இருப்பவர்களுக்கு அந்த வாசனை மூக்கில் ஏறாது, வெளியூர் போய்த் திரும்பும் அன்றைக்கு மட்டும்தான் தெரியும். அன்று ஏனோ உட்கார்ந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. பேப்பரைக் கிழித்து முதல் டயரைத் தடவினேன். ரப்பர் உள்ளங்கையில் லேசாக ஒட்டியது. பட்டன் என்று நாங்கள் சொல்கிற மேடுபள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று கோடுகள், அதுவும் நகத்தால் கீறிய ஆழத்துக்கு. மற்ற இடமெல்லாம் வழவழவென்று மொட்டை. காற்றடிக்க வந்திருந்த ஜீப்பு டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, புதுசுன்னு சொல்லித் தேஞ்சதத் தள்ளி விட்டுட்டானா?" என்று சிரித்தார். விவரம் தெரிந்தவள்தான் நான். இருந்தாலும் இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.

மலைக்கு ஏறும் ரோட்டில் இருக்கிறது எங்கள் டயர்க் கடை. வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போன பிறகு நானே எடுத்து நடத்துகிறேன். பொம்பளைக்கு எதற்கு இந்தக் கரிப்பிடித்த சோலி என்று கேட்டவர்கள் எல்லாரும் இப்போது என்னிடம்தான் பஞ்சர் ஒட்டுகிறார்கள். அந்த டயர்களை வரவழைத்தவர் எங்கள் ஊர் டாக்டரம்மா. பிரசவம் பார்ப்பவர். ஊரில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து அழவைத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். என் இரண்டு பையன்களும் அவர் கையில் விழுந்தவர்கள்தான். அறுபதைத் தாண்டியவர் ஒருநாள் கொச்சியிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். இரண்டே சீட்டு, தரையோடு ஒட்டிக் கிடக்கும் உடம்பு, சாம்பல் நிறம். ஊர் அதற்குச் 'சப்பைக் கார்' என்று பேர் வைத்தது. அதில் ஏறி உட்கார வேண்டுமானால் முதலில் கீழே விழ வேண்டும்.

எதற்கு இந்த வயதில் இது என்று கேட்கிற தைரியம் எனக்கு மட்டும்தான் இருந்தது. அவர் வலது கையை என் முன்னால் நீட்டினார். விரல்கள் மிக லேசாக, காற்றில் கொடி ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் வந்ததால்தான் அவர் ஆபரேஷன் கத்தி பிடிப்பதை நிறுத்தியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "ஸ்டியரிங் இன்னும் பிடிக்கலாம். எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு, "முப்பது வருசமா வேகமாத்தான் போயிருக்கேன் ஆத்தா. அத்தனையும் இன்னொருத்தி உசுருக்காக. ஒரே ஒரு தடவ எனக்காகப் போகணும்" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் கார் ஓட்டுகிற ட்ராக் இருக்கிறதாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட விடுவார்களாம். ஐப்பசியில் ஒரு ஞாயிறுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

டயர் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று மத்தியானங்கள் என் கடையில் உட்கார்ந்தார். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று கண்ணில் வந்து நிற்கும். வெளியே சாரல், உள்ளே ரப்பர் வாசனை, இரண்டு டம்ளர் சுக்குக் காப்பி. அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனில் படம் படமாகக் காட்டுவார். ரோட்டு டயர் என்றால் பள்ளம் ஆழமாக இருக்கும், தண்ணீரை வாரி வெளியே தள்ளும், ரப்பர் கெட்டி, நெடுநாள் உழைக்கும். ட்ராக் டயர் என்றால் பள்ளமே பேருக்குத்தான். ரப்பர் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். ஓடிச் சூடேறினால்தான் பிடிக்கும், சூடு குறைந்தாலோ ரோடு நனைந்தாலோ வழுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது. நான் அதைத்தான் வாங்கச் சொன்னேன். "நடுவுல உள்ளது எனக்கு வேண்டாம். நடுவுலயே இருந்து சலிச்சுப் போச்சு" என்று போனில் மொட்டை டயரைத் தொட்டுக் காட்டினார். அப்படியானால் ட்ராக்குக்கு ஒரு செட், ஊருக்கு ஒரு செட் வையுங்கள் என்றேன். அந்தக் காரில் இவர் கைப்பையை வைக்கவே இடமில்லை, நான்கு டயரை எங்கே வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போவது? பழைய டயர்களோ கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்தவை. கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது.

செவ்வாய்க்கிழமை காரைக் கடையில் விட்டார். நான் டயர்களை மாட்டினேன். புதன்கிழமை தோறும் மலைக்கு மேலே போய் எஸ்டேட் பெண்களைப் பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். இந்தப் புதனும் சப்பைக் காரில்தான் போகப் போவதாகச் சொன்னார். "அன்னைக்கு மட்டும் ஜீப்புல போங்க டாக்டரம்மா. மழை வந்தா இது நிக்காது" என்றேன். "மெதுவாப் போறேன் விடு" என்றார். அவருடைய மெதுவை நான் பார்த்திருக்கிறேன். அவர் போன பிறகு மேகம் இறங்கி மலையை முழுசாக மூடியது. பதினேழு கொண்டை ஊசி வளைவும் அந்த மொட்டை டயரும் சேர்ந்து என் மண்டையைக் குடைந்தன.

தேய்ந்த ஜீப்பு டயரைத் தூக்கிப் போட எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் கீறி இன்னொரு மழைக்காலம் ஓட்டிவிடுவார்கள். அந்த வேலையில் என் கை பேர் வாங்கிய கை. தேவாரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் தேடி வருவார்கள். அன்று சாயங்காலம் நான் கத்தியைச் சூடு பண்ணினேன். நான்கு டயரிலும் தண்ணீர் ஓடுகிற மாதிரி, மேலிருந்து கீழே சாய்வாக, ஒரே அளவில் கீறினேன். அத்தனை அழகாக நான் எந்த ஜீப்புக்கும் கீறியதில்லை. புகை கண்ணைக் கரித்தது. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் அவர் வந்தார். காரைச் சுற்றி வந்தவர் பின் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் கீறிய பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"ஆத்தா, இது என்ன?"

"மழைக்கு டாக்டரம்மா. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"என்னயக் கேக்கணும்னு தோணலையா?"

அவர் குரல் உயரவேயில்லை. இந்த டயரில் ரப்பரே மெல்லிசு, அதில் பள்ளம் கீறினால் உள்ளே நூல் வரைக்கும் போய்விடும், ட்ராக்கில் அந்த வேகத்துக்குச் சூடேறினால் வெடித்துவிடும் என்று நோயாளிக்கு விளக்குகிற மாதிரி சொன்னார். வேறு டயர் வரவழைக்கிறேன் என்று நான் உளறினேன். டயர் வர ஒரு மாதமாகும், அவர் பேர் கொடுத்த ஞாயிறுக்கோ நான்கே நாள்தான் இருந்தது. அதற்கப்புறம் பங்குனியில்தான் அங்கே விடுவார்கள். அவர் தன் வலது கையைப் பார்த்தார். பங்குனி வரைக்கும் அந்தக் கை ஸ்டியரிங் பிடிக்காது என்று அந்தப் பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அவர் கார்க் கதவைத் திறந்து, "ஏறு. மலைக்குன்னுதான வெட்டுன, மலைக்கே போவோம்" என்றார்.

கடையைப் பையனிடம் சொல்லிவிட்டு ஏறினேன். மலையடிவாரத்தில் முந்தல் தாண்டும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. அவர் உண்மையாகவே மெதுவாகத்தான் ஓட்டினார். எஸ்டேட்டிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்புகள் சப்பைக் காரைப் பார்த்து ஆரன் அடித்தன, உள்ளேயிருந்து கைகள் ஆடின. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் குறுக்கே ஓடியது. டயர் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. மேலே ஏற ஏறப் போடி கீழே சிறுத்து, பிறகு பஞ்சுக்குள் போய் மறைந்தது. உச்சியில் மெட்டை எட்டியபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேகம் விலகட்டும் என்று ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கண்ணாடியெல்லாம் வேர்த்துப் போயிற்று. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒன் ரெண்டாவது பிரசவம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். "ரத்தம் நிக்கல. இன்னொண்ணு ஒன் ஒடம்பு தாங்காதுன்னு தெரிஞ்சு போச்சு. ஒன் வீட்டுக்காரர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு அப்பயே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டேன். ஒன்னயக் கேக்கல."

எனக்கு அது தெரியும். மூன்றாம் நாள் நர்ஸ் வந்து பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குப் பெண் குழந்தை மேல் ஆசை. இரண்டாவதும் பையன் என்றதும் அடுத்தது பெண்தான் என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும், பெண்டாட்டியை யார் எழுப்பிக் கேட்டார்கள். டாக்டரம்மா மேல் எனக்கு உசிரே உண்டு. ஆனால் அந்த அன்புக்கு அடியில் ஒரு கோபமும் அத்தனை வருஷமாகக் கிடந்தது. அது எனக்கே அந்தக் காருக்குள் வைத்துத்தான் முழுசாகத் தெரிந்தது.

"நீ நல்லதுக்குத்தான்னு சொன்னீல்ல. ஒன் வீட்டுக்காரர்கிட்ட நானும் அன்னைக்கு இதத்தான் சொன்னேன்" என்றார். "கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?"

"வேண்டாம்னுருப்பேன். ஒரு பொம்பளப் புள்ளைக்கு ஆசப்பட்டேன்."

"செத்துப் போயிருப்ப."

"இருக்கலாம் டாக்டரம்மா. கேட்டிருக்கலாம்ல."

அவர் தலையசைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் டயருக்காகக் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைக்குப் பேரு வச்சிருந்தியா?" என்றார். சொன்னேன். அந்தப் பேரை வாய் திறந்து ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதை மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம எப்படி ஓட்டிருப்பீங்க?" என்று கேட்டேன். அவர் வேர்த்த கண்ணாடியில் விரலால் ட்ராக்கை வரைந்தார். கோடு நடுங்கித்தான் வந்தது, ஆனால் ஒரு வளைவையும் விடவில்லை. பிறகு அணைந்து கிடந்த காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டத் தொடங்கினார். இங்கே பிரேக்கு, இங்கே விடணும், இங்கே உள்பக்கம் ஒட்டிப் போகணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். நான் சீட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எங்களைச் சுற்றி மேகம் நகர்ந்துகொண்டிருந்ததால் கார் ஓடுகிற மாதிரியேதான் இருந்தது. எத்தனை சுற்று போனோம் என்று தெரியவில்லை. மேகம் விலகியதும் அவர் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பங்குனிக்குள் அவருக்குக் காப்பி டம்ளர் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. காரை விற்றுவிட்டு மகள் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். அன்றைக்கு டயரைக் கீறி டாக்டரம்மாவைக் காப்பாற்றினேன் என்று ஊரில் இப்போதும் சிலர் என்னைப் புகழ்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கூசுகிறது. அவருடைய ஒரே ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டவள் நான்.

போன மாதம் பேசினார். மகள்தான் போனைக் காதில் பிடித்துக்கொள்கிறாள். பேச்சு இப்போது குழறுகிறது, நின்று நின்றுதான் வருகிறது. மழை, ஏலக்காய் விலை, என் மூட்டுவலி எல்லாம் விசாரித்த பிறகு, "ஒன் மகளுக்கு இப்ப என்ன வயசாச்சு?" என்று கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டார்.

சின்னவனுக்கு நாலு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். "இருபத்திரெண்டு டாக்டரம்மா" என்றேன்.

"காரு ஓட்டுவாளா?"

"நல்லா ஓட்டுவா."

"அப்ப அவள அந்த ட்ராக்குக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "டயர நீயா எடுக்காத ஆத்தா. என்ன வேணும்னு அவளக் கேளு."

"கேக்குறேன் டாக்டரம்மா" என்றேன்.