நீர்மோர் நிறத்தில் என் ரத்தம்

மார்கழி முடிகிற வாரத்தில் என் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்தி என்னிடமே காட்டினார்கள். அடியில் சிவப்பு. அது சரி. மேலே இளமஞ்சளாக, தெளிவாக நிற்க வேண்டிய நீர் வெள்ளை வெளேரென்று நீர்மோர் மாதிரி இருந்தது!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

டாக்டர் வரதன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வீடு ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீதிக்கு அடுத்த வீதி. திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஆராய்ச்சி செய்கிறார். மனிதனுடைய ரத்தக் குழாய் ஏன் உள்ளுக்குள் தடித்துப் போகிறது? ரத்தத்தில் இருக்கும் கொழுப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மாரடைப்பைத் தடுக்க முடியுமா? இவைதான் அவருடைய கேள்விகள். பதில் தேடி, மொட்டை மாடியில் கூண்டு கூண்டாக முயல் வளர்த்தார். கொழுப்புக் கலந்த தீனி போட்டார். சில மாதம் கழித்து அறுத்துப் பார்த்தால் குழாயின் உட்புறத்தில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு. அதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் அவருக்கு ‘முயல் டாக்டர்’ என்று பெயர். அவரோடு பந்தியில் உட்காரத் தயங்குகிறவர்களும் உண்டு. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

அவருக்கு வலது கை காதர் பாய். பாலக்கரைக்காரர். ரசாயனம் படித்தவர். ஊசி குத்துவதும், ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை ஒரு யந்திரத்தில் செருகிக் கையால் சுழற்றித் தெளிய வைப்பதும், அதில் எவ்வளவு கொழுப்பு என்று அளப்பதும் அவர்தான். ஊசி குத்தியதே தெரியாது. அவ்வளவு நிதானமான கை.

முயலை விட்டு மனிதனுக்கு வந்தார் டாக்டர். நெய்யும் தயிருமாகச் சாப்பிடுகிற ஸ்ரீரங்கத்துக்காரர்கள் முப்பது பேர். அக்கரையில் திருச்சி டவுனில், காந்தி மார்க்கெட் மூட்டைக்காரர்களும் கடைக்காரர்களுமாக முப்பது பேர். இரண்டு கரை ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று திட்டம். ஒரே ஒரு நிபந்தனை.

“முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டோட சரி. அப்புறம் ஆகாரமே கூடாது ஓய். காலம்பர வெறும் வயித்தோட வரணும்” என்றார் என்னிடம்.

நான் ஏன் போனேன்? ஊசி என்றால் காத தூரம் ஓடுகிறவன் நான். ஆனாலும் போனேன். காரணம் என் அண்ணா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆபீஸ் படியேறும்போது பாதிப் படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் வந்த குமாஸ்தா, “என்ன சார், மூச்சு வாங்குதா?” என்று கேட்டிருக்கிறார். “ஒன்றுமில்லை, போங்கோ” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை. ஜுரமில்லை, இருமலில்லை, படுக்கையில் ஒரு நாள் கிடக்கவில்லை. வயது ஐம்பது.

வருகிற சித்திரையில் எனக்கு ஐம்பது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாரா வாரம் உங்களோடு வம்பளக்கிறவன், இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். படி ஏறினாலும் இறங்கினாலும் எண்ணிக்கொண்டே போகிறேன். பாதியில் அண்ணா உட்கார்ந்த இடம் வந்தால், எந்தக் கட்டடத்துப் படியானாலும், எனக்கு வேர்க்கிறது.

அதனால்தான் அந்த நீர்மோரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பக்கத்தில் நின்று குழாயை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் ஒரு உற்சாகம்! ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. நமக்குக் கெட்ட சேதி என்றால் அவர்களுக்கு நல்ல சேதி.

“நம்ம ஊர்க்காரா எல்லாருக்குமே இப்படித்தான் இருக்கு ஓய்! டவுன் ரத்தம் தெளிவா இருக்கு. நம்மது பாலா இருக்கு. இதைத்தான் எழுதிண்டிருக்கேன். மதராஸ்ல டாக்டர்கள் கூட்டத்துல வாசிக்கப் போறேன்.”

“அது இருக்கட்டும் வரதா. எனக்கு என்ன ஆகும்?”

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அண்ணா நினைவு வந்திருக்க வேண்டும். குழாயை மரச்சட்டத்தில் திரும்ப வைத்தார். “பயப்படாதீரும். இன்னும் அளக்கணும்” என்றார். டாக்டர்கள் பயப்படாதே என்று சொன்னால் யாருக்காவது பயம் போயிருக்கிறதா?

அடுத்த ஐந்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. காவிரிப் பாலத்தில் நடக்கும்போது நடுவில் நின்று நாடி பிடித்துப் பார்த்தேன். எதிரே வந்த குதிரை வண்டிக்காரர், “ஏதாவது வுழுந்துடுச்சாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். இடது தோளில் வலித்தது. வலது தோளில் வலித்தது. வலி தோளில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இன்னும் யந்திரம் வரவில்லை.

பொங்கலன்று இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. அம்புஜம் நெய்க்கிண்ணத்தோடு வந்தாள். நான் கையால் மறைத்தேன். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் நான் நெய்யை மறுத்தது அதுதான் முதல் தடவை.

“ஏன்னா, என் மேல கோவமா?” என்றாள்.

“இல்லை.”

“நெய் காறித்தா?”

“இல்லைடி.”

“பின்னே என்ன? பண்டிகை நாளும் அதுவுமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிண்டு...”

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. எதிர் இலையில் கோமளா உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு ஒரே பெண். பதினாறு வயது. நெய் வழிய வழியப் பொங்கலைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாட்டுப் பொங்கலன்று கனுவும் கழிந்தது; மறுநாள் பொறுக்க முடியாமல் பெரிய கடை வீதிக்குப் போனேன். டாக்டர் உள் அறையில் எழுதிக்கொண்டிருந்தார். காதர் பாய் மட்டும் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க சார். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா நினைக்கக் கூடாது.”

“கேளுங்கள் பாய்.”

“அன்னிக்குக் காலையில நெசமாவே வெறும் வயித்தோடதான் வந்தீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை பாய்! காப்பிகூடக் குடிக்கவில்லை. காப்பி குடிக்காமல் நான் இருந்தேன் என்றால் என் சம்சாரமே நம்பமாட்டாள்.”

அவர் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஊசி போடறப்ப உங்க கையில நெய் வாசனை அடிச்சுது சார். பச்சைக் கற்பூர வாசனையும் இருந்துச்சு. உங்களுக்கு மட்டும் இல்ல. ஸ்ரீரங்கத்துலேர்ந்து வந்த அத்தனை பேர் கையிலயும். சாமி விஷயமாச்சே, நான் கேட்டா நல்லா இருக்குமான்னு சும்மா இருந்துட்டேன். ஆனா டாக்டர் எழுதி அனுப்பப் போறாரு. மனசு கேக்கல.”

“அது பிரசாதம் பாய்!” என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். “அன்றைக்கு மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. விடியற்காலையில் சேவித்துவிட்டு, பாலும் நெய்யுமாகக் குழைந்த அக்காரவடிசல் வாங்கிக்கொண்டேன். இரண்டு தொன்னை. பிரசாதம் எப்படிச் சாப்பாடாகும்?”

“எனக்குப் புரியுது சார். வயித்துக்குத் தெரியாதே.”

வாசகர்களே, சிரிக்காதீர்கள். உங்களில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எத்தனை பேர் இதே பதிலைச் சொல்லியிருப்பீர்கள்? ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் இலை போட்டு உட்கார்ந்தோமா என்றுதான் நமக்கு அர்த்தம். கோயிலில் கையில் விழுகிறது கணக்கிலேயே வராது. மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் வெண்பொங்கலை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு இருக்கிறோம் என்று சத்தியம் செய்கிறவர்கள் நாம். டாக்டர் ரத்தம் எடுத்ததோ, அந்த மார்கழியில்.

பேச்சு காதில் விழுந்து டாக்டர் வெளியே வந்தார். பேனா கையிலேயே இருந்தது. காதர் பாய் மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நெய் சாப்பிட்டு நாலு மணி நேரத்துல யார் ரத்தம் ஆனாலும் பால் மாதிரிதான் இருக்கும்” என்றார். “அது பாடப் புஸ்தகத்துலேயே இருக்கு.”

“அப்படியானால்...”

“என் ரத்தத்தையும் இதுல சேர்த்திருக்கேன் ஓய்.” பேனாவை மூடினார். “நானும் சேவிச்சுட்டு, வாங்கிண்டுதான் வந்தேன். வெறும் வயிறுன்னு என் கையாலேயே நோட்டுல எழுதியிருக்கேன்.”

எழுதி முடித்திருந்த காகிதங்களை எடுத்து வந்து, கிழிக்காமல், முயல் தீனி மூட்டைக்கு அடியில் சொருகினார். எத்தனையோ மாத உழைப்பு. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? வருத்தத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. என் ரத்தத்தில் இருந்தது வியாதி இல்லை, அக்காரவடிசல்! அன்றைக்குப் படியிறங்கும்போது நான் எண்ணவில்லை.

மறுநாள் காலை, கோயில் பக்கமே தலைவைக்காமல், நிஜமான வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினேன். யந்திரம் சுழன்றது. நின்றது. காதர் பாய் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

தெளிவு! மேலே நின்ற நீர் இளமஞ்சளாக, பின்னால் இருக்கிற ஜன்னல் கம்பி தெரிகிற மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து வேஷ்டியைச் சரி செய்துகொண்டேன். அம்புஜத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு கரண்டி நெய்யாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது.

“உட்காரும். இன்னும் முடியலை” என்றார் டாக்டர்.

தெளிந்த நீரிலிருந்து கொஞ்சம் எடுத்து, என்னென்னவோ திராவகம் விட்டார் காதர் பாய். மெல்லப் பச்சை நிறம் ஏறியது. பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொழுப்பு என்று விளக்கினார். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, கொழுப்பு சரியான அளவில் இருக்கிற இன்னொரு குழாய். அது இளந்தளிர்ப் பச்சை. என்னுடையது ஏறிக்கொண்டே போனது... ஏறிக்கொண்டே போனது... முற்றின வேப்பிலை நிறத்தில் வந்து நின்றது.

“இதுதானே தெளிவா இருந்தது?” என்றேன்.

“கண்ணுக்குத் தெளிவா இருக்கும். அந்த வெள்ளை, பிரசாதத்தாலே வந்தது. ரெண்டு வேளையில போயிடும்” என்றார் டாக்டர். “இந்தப் பச்சை வேற. சில குடும்பத்துல இது பிறவியிலேயே வரதுன்னு சந்தேகப்படறா. அண்ணா, தம்பின்னு.”

“அப்படியானால் சித்திரைக்குள்...”

“அசட்டுத்தனமாப் பேசாதீரும். எத்தனையோ பேர் இதோட எண்பது வயசு இருக்கா.”

“அண்ணா இல்லையே.”

நெய்யைக் குறைக்கச் சொன்னார். தினம் நடக்கச் சொன்னார். செய்தால் தப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “தெரியலை ஓய். அதைக் கண்டுபிடிக்கத்தான் உம்ம ரத்தம், என் ரத்தம் எல்லாம்” என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மார்கழியில் டாக்டரிடம் கை நீட்டிய ஸ்ரீரங்கத்து அன்பர்கள் இந்தப் பத்தியைப் படித்தால், தயவுசெய்து மறுபடி ஒரு தடவை போய்க் கொடுங்கள். கொடுக்கிற நாளில் பெருமாளைச் சேவிப்பதை ஊசிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நான் கிளம்பும்போது, டாக்டர் மாடிப்படி வரை கூட வந்தார். நோட்டைத் திறந்துகொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, “உமக்குக் குழந்தைகள் எத்தனை?” என்றார்.

எனக்கு ஒரே பெண் என்று அவருக்குத் தெரியாதா? அவள் பிறந்தபோது தொட்டில் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஆனாலும் கேட்டார். நானும், யாரோ அந்நியரிடம் சொல்கிற மாதிரி, “ஒன்று” என்றேன். எழுதிக்கொண்டார்.

நாளைக் காலை கோமளாவை அழைத்துக்கொண்டு போகிறேன். அம்புஜத்திடம் இப்போது எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் அழவில்லை. பெண்ணுக்கு ஜரிகைப் பாவாடையை எடுத்து வைத்திருக்கிறாள், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. கோமளாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

“எனக்கு எதுக்குப்பா ஊசி? நான் நன்னாத்தானே இருக்கேன்?”

“நன்னா இருக்கேன்னு டாக்டர் சொல்லணுமில்லையா, அதுக்குத்தான்” என்றேன்.

என் ரத்தம் எந்த நிறமானாலும் போகட்டும். நாளைக்கு அந்தக் குழாயில் பச்சை இளந்தளிரோடு நின்றுவிட வேண்டும்.