வெளுத்த விரால்

விராலைப் பிடித்த கையின் வழுவழுப்பு எளிதில் போகாது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சோற்றில் சேறு மணக்கும். அறுபதுகளின் கடைசியில், பதினொரு வயதில், அந்த மணத்தோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். என் அம்மா மீன் விற்றாள்.

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊரில் மீன் கிடந்த இடம் இரண்டு. கண்மாய்த் தண்ணீர் செம்மண் கலங்கித் தேத்தண்ணி போலிருக்கும். அதன் விராலும் வெளிறி மஞ்சளோடிக் கிடக்கும். ஊருக்கு வெளியே கல் உடைத்த பள்ளத்தைக் "கெடங்கு" என்போம். அடியெல்லாம் கரும்பாசி, அங்கே விரால் அட்டக்கரி, விலாவில் மை தீட்டியது போல் பட்டைகள். கண்மாய் மீன் குத்தகைக்காரருக்கு; கெடங்கு மீனை யாரும் பிடிக்கலாம். அம்மா கெடங்கில் தூண்டில் போட்டுப் பிடித்ததை, வீட்டுக்குப் பின்னால் இருந்த வெளுத்த சிமெண்டுத் தொட்டியில் இரண்டு நாள் உயிரோடு போட்டு வைத்து, குண்டானில் சுமந்து விற்பாள்.

ஒரு நாள் குத்தகைக்காரர் அவளை வழிமறித்துக் குண்டானுக்குள் பார்த்தார்.

"இது கண்மாய் மீனுல்ல? கெடங்கு மீனு கருப்பால்ல இருக்கும்?"

"தொட்டியில கெடந்தா வெளுத்துரும்யா. நெசமாத்தான் சொல்றேன்."

பஞ்சாயத்துக்கு மந்தையில் கூடிய ஊரே சிரித்தது. "மீனு என்ன ஓணானா, நெறம் மாறுறதுக்கு?" என்றார் ஊர்த் தலைவர். அம்மாவைத் திருடி என்று தீர்த்து, விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தாள். எழுந்தபோது நெற்றியில் ஒட்டியிருந்த புழுதியை அவள் துடைக்கவில்லை.

மறுநாள் நானே கெடங்கில் ஒரு விராலைப் பிடித்து, கருகருவென்று துள்ளியதைத் தலைவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். "ஒங்க மாட்டுத் தொட்டியிலயே போட்டு வைங்க. ஏமாத்த முடியாதுல்ல?" வேடிக்கையாகத்தான் சம்மதித்தார். இரண்டு நாள் கழித்துப் போனேன். அந்தத் தொட்டியின் சிமெண்டு நிறத்துக்கே மீன் வெளுத்திருந்தது. பட்டைகள் மங்கி, தேடிப் பார்த்தால்தான் தெரிந்தன. தலைவர் குனிந்து அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ சொன்னது செரிதான். ஆனா ஊரு சொன்னதை மாத்துனா ஊருக்கு என்ன மருவாதி? போ ஆத்தா, போயிப் படி."

படித்தேன். மீனின் தோலுக்குள் கருப்புத் துகள்கள் இருப்பதையும், கண் காணும் அடித்தளத்துக்கு ஏற்ப அவை விரிந்தும் சுருங்கியும் நிறத்தை மாற்றுவதையும், ஒரே தண்ணீரில் நெடுநாள் வளர்ந்தால் அந்த நிறமே ஊறிவிடுவதையும், பருந்துக்கும் நாரைக்கும் தப்பவே இத்தனை வேடம் என்பதையும் பிறகு அறிந்தேன். இது தெரியாமல் சிரித்தவர்களிடம் எனக்குக் கோபமில்லை. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்ட அந்த ஒருவரை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அம்மா அதன்பின் தூண்டிலைத் தொடவேயில்லை; சாகும்வரை மில்லில் பஞ்சு பொறுக்கினாள்.

இப்போது கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கெடங்கைக் குப்பை கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அருப்புக்கோட்டைச் சந்தையில் பண்ணை விரால் எல்லாம் ஒரே நிறம். போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஊர்க்காரர் ஒருவர், "ஒங்கம்மாதான, கண்மாய் மீனத் திருடி மந்தையில விழுந்தவுக?" என்று சிரித்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன். நடந்ததை முதலிலிருந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.