எட்டு பேப்பர் கப்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடி அப்போது என் பொறுப்பில் இருந்தது. பொறுப்பு என்றால் ஏசி, கழிவறைக் குழாய், காபி மெஷின், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் தொங்கும் ஸ்பிரிங்க்ளர் எல்லாம்தான். தினமும் காலையில் மாடி முழுக்க நடந்து, ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளருக்கும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, எதையும் எதுவும் மறைக்கவில்லை என்று ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆயுத பூஜை கொண்டாடிய அன்று காலை ஒன்பது பத்துக்கு, ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். நீலசந்திராவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சல். அத்தோடு கழுத்துவலி வேறு. கூரை நேற்று இருந்த இடத்தில்தானே இன்றும் இருக்கப்போகிறது என்று ஒரு திமிர்.

எங்கள் அட்மின் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். தங்கமான மனிதர்தான். ஆனால் தீயணைப்புக் கலையை சினிமா பார்த்துக் கற்றவர். கொஞ்சம் புகை வந்தால் போதும், மாடி முழுக்க மழை கொட்டும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த மாதம்தான் புதுக் கார்ப்பெட் போட்டிருந்தார்கள். அதன்மேல் செருப்போடு நடப்பவர்களை அவர் பார்க்கிற பார்வையே தனி.

"ஏனுங்க மேடம், சாம்பிராணி போட்டா மேல இருக்கற அதெல்லாம் தண்ணிய ஊத்திருமுங்களே? அன்னிக்கு மட்டும் ஒரு மூடி போட்டுட்டா என்னங்க?" என்று முந்தின வாரமே கேட்டார்.

"சார், அதுக்கு மூக்கு கிடையாது. நடுவுல சின்னதா ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கு பாருங்க, உள்ள சிவப்பா. பக்கத்துல நெருப்பு எரிஞ்சு நல்லா சூடானாதான் அது உடையும். எது உடையுதோ அது மட்டும்தான் ஊத்தும். மூடி வெச்சா சூடு ஏறாது. நெஜமாவே தீப்பிடிச்சா உங்க கார்ப்பெட்டும் போயிடும், நாமளும் போயிடுவோம்."

பெயிண்ட் அடிக்கும்போது மட்டும் அதன்மேல் பை மாட்டுவோம், சாயம் பட்டால் கெட்டுவிடும், அதையும் அன்றைக்கே கழற்றிவிடுவோம் என்றும் சொன்னேன். அவர் "சரிங்க, சரிங்க, சரிங்க" என்றார். மூன்று தடவை சரி சொல்லுகிறவரை நம்பக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பூஜை பதினொரு மணிக்கு. ஊழியர்கள் லேப்டாப், மவுஸ், கார்ச்சாவி, யாரோ ஒருவருடைய கிரிக்கெட் பேட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனப்பொட்டு வைத்திருந்தார்கள். நான் பொரித்தட்டை நேராக வைத்துக்கொண்டிருந்தேன். மணி பத்தரை இருக்கும். மேலேயிருந்து ஒரு பேப்பர் கப் பொரியின் நடுவில் வந்து விழுந்தது. விளிம்பில் செல்லோடேப்.

அன்றைக்கு முதன்முறையாக அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கூரையில் வெள்ளை டீக் கப்புகள், ஸ்பிரிங்க்ளர்களின்மேல் கவிழ்த்து அழகாக ஒட்டப்பட்டிருந்தன. விழுந்தது போக இன்னும் ஏழு.

பதினொரு மணிக்குக் கட்டடத்தின் தீ பாதுகாப்பு அதிகாரி பூஜைக்கு வருவதாக இருந்தது. ஆனேக்கல்காரர், மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழைத் தாய்மொழி மாதிரி பேசும் கன்னடர். பார்க்காமல் கையெழுத்துப் போட்ட இரண்டாம் மாடிக்காரரை, அதற்கு முந்தின வருடம், பேஸ்மென்ட்டில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்க அனுப்பியவர். அடுத்து டோக்கன் கொடுக்கப்போவது நான்தான் என்று தெரிந்துவிட்டது.

ஏணியைத் தோரணம் கட்ட ஆறாவது மாடிக்காரர்கள் வாங்கிப் போயிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் மானம் போகும். அங்கேதான் என் குறும்புப் புத்தி வேலை செய்தது. கையைத் தட்டி, "எல்லாரும் மேல பாருங்க! இது ஒரு போட்டி. கப்ப எடுக்கறவங்களுக்கு ரெண்டு பாக்ஸ் மைசூர்பாக்! ஆனா உள்ள இருக்கறதத் தொடக் கூடாது!" என்றேன்.

மைசூர்பாக் என்ற சொல்லோடு இன்ஜினியர்களின் காது அடைத்துக்கொண்டது. ஒருவன் நாற்காலியில் ஏறினான், அதற்கு அடியில் சக்கரம் இருந்தது. இன்னொருத்தி குடையைத் தலைகீழாகப் பிடித்து அதன் கொக்கியால் துழாவினாள். உயரமான ஒரு பையன் பூஜையில் இருந்த கிரிக்கெட் பேட்டைப் பொட்டோடு எடுத்து, சிக்ஸருக்கு ஓங்குகிற மாதிரி ஓங்கினான். கண்ணாடிக் குப்பியில் ஒரு தட்டுப் பட்டால் போதும், சினிமா மழை நிஜமாகவே கொட்டும். "பேடா! பேடா!" என்று அலறினேன். வேண்டாம் என்று சொல்லக்கூடப் பயத்தில் எனக்குக் கன்னடம்தான் வருகிறது.

அலறல் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பேட்டைப் பார்த்தார். மூச்சிரைக்க ஆறாவது மாடிக்குப் போய் ஏணியோடு திரும்பினார், அவரே ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற எல்லா சாமியையும் கூப்பிட்டேன். ஏழாவது கப்பை அவர் கழற்றியபோது, நல்ல நேரம் வந்துவிட்டது என்று யாரோ சாம்பிராணியைப் போட்டுவிட்டார்கள். புகை நேராக அவர் முகத்துக்கு ஏறியது. அவர் கண்ணை இறுக்க மூடி, தலையைக் குனிந்து, மழைக்காகக் காத்திருந்தார்.

ஒரு சொட்டுகூட விழவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்து, மூக்குக்கு நேரே இருந்த சிவப்புக் குப்பியைப் பார்த்தார். "ஏனுங்க, நெசமாத்தான் சொன்னீங்களா?" என்றார்.

பதில் சொல்வதற்குள் அலாரம் அடித்தது. புகையை மோப்பம் பிடிக்கிற டிடெக்டர் தனியாக இருக்கிறது. பூஜை முடியும்வரை அதை நிறுத்திவைக்கச் சொல்லி நான் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்திருக்க வேண்டும். கப் கலவரத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

மொத்தக் கட்டடமும் படியிறங்கி பார்க்கிங் மரத்தடியில் கூடியது. தலை எண்ண வேண்டியது என் வேலை என்பதால் கையில் அட்டையும் அதில் செருகிய ஷீட்டும் இருந்தன. அதிகாரி வந்தார். மேனேஜர் கையில் அடுக்கியிருந்த கப்புகளைப் பார்த்துச் சிரித்தார். "டீ எங்க சார்?" என்று ஒன்றை எடுத்தார். செல்லோடேப் விரலில் ஒட்டியது. சிரிப்பு நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முன்னால் வந்தார். எனக்காக ஒருவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றது அதுவரை நடந்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"மேடம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் கேக்காம ஒட்டுனேன். அவங்களுக்கே தெரியாதுங்க. அவங்க ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே, காலையில எட்டரைக்கே ஒட்டிப்போட்டேன்."

அதிகாரி தலையாட்டினார். பிறகு நிதானமாக என் அட்டையை வாங்கி, ஷீட்டைப் புரட்டினார்.

"எட்டரைக்கு கப்பு மேல ஏறியாச்சு. ஒம்பது பத்துக்கு நீ அண்ணாந்து பாத்து, எல்லாம் சரின்னு கையெழுத்து போட்டிருக்க. அப்படித்தானேம்மா?"

மேனேஜரின் முகம் வெளுத்தது. "ஐயோ," என்றார் மெல்லிய குரலில். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு கடித்தும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மாதம் பேஸ்மென்ட்டில் டோக்கன் கொடுத்தேன். அங்கேயும் கூரையில் ஸ்பிரிங்க்ளர்கள் உண்டு. முதல் நாளே கழுத்தை வளைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். மேனேஜர் தினமும் நாலு மணிக்கு எனக்கு டீ எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில்தான் தருவார்.