பட்டியலில் இரண்டு வட்டங்கள்

“31-3-71, புதன். ஆறாம் வீடு. பதினொரு பேர். பாட்டு மூன்று. வாசிப்பு: பேதுரு மறுதலித்தது. ஜெபத்தின்போது இரண்டு தரம் ஜீப் போனது. முன் கதவைச் சாத்திவிட்டோம்.”

என் குறிப்புக் கொப்பியில் அந்த ஆண்டு லெந்து என்னும் தவக்காலத்துக்கென்று ஒழுங்காக எழுதிய கடைசிப் பதிவு இது. அடுத்த புதனுக்குரிய பக்கத்தில் திகதி மட்டும் இருக்கிறது. அன்றைக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பதினொரு வருடம் கழித்து இப்போது அந்தப் பக்கத்தை நிரப்பப் பார்க்கிறேன். ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதுவதால், நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலையில் அப்போது எங்கள் லுத்தரன் சபையில் ஒன்பது குடும்பங்கள். துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில், வாடகை வீடு ஒன்றின் முன் மண்டபம்தான் கோயில். கத்தோலிக்கர்கள் எங்களை மெதடிஸ்தர் என்று நினைத்தார்கள். மெதடிஸ்தர்கள் எங்களை என்னவென்று நினைத்தார்களோ தெரியாது. “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று யாராவது கேட்டால் விளக்கிக் களைத்துப்போய், “கிட்டத்தட்ட அதுதான்” என்று சொல்லப் பழகியிருந்தோம்.

அந்த ஆண்டுகளில் ஞாயிறு விடுமுறை இல்லை. பௌத்தர்களின் போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் வார விடுமுறை. ஆகவே ஞாயிறு ஆராதனையைக் காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஏழுக்கு முன் முடிப்போம். ஆண்கள் வேலைக்குப் போகும் உடுப்போடே வருவார்கள். சாப்பாட்டுப் பெட்டிகள் வாசற்படியில் வரிசையாக இருக்கும். லெந்து புதன்களில் பின்னேரம் ஐந்தரைக்கு ஒவ்வொரு வீடாகக் கூடி, பாடுகளின் வரலாற்றைப் பகுதி பகுதியாக வாசிப்போம். அந்த நாற்பது நாளும் மேசையில் பூ வைப்பதில்லை, ஊதாத் துணி மட்டும்தான். எங்களுக்கென்று போதகர் இல்லை. மலைநாட்டிலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒரு தரம் ரயிலில் வருவார்.

அவர் பெரிய வெள்ளிக்கு வந்து திருவிருந்து தருவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். பந்திக்கு வர விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சபையின் பழைய ஒழுங்கு. யாராவது இன்னொருவரோடு கோபத்தில் இருந்தால், போதகர் முதலில் அவர்களைச் சந்தித்து ஒப்புரவாக்கப் பார்ப்பார். சிலர் அவரோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்பார்கள். புதன்தோறும் பெயர்களைச் சேர்த்துப் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. நான் பள்ளிக்கூட ஆசிரியை, கையெழுத்து நல்லது என்று என்னிடம் தந்திருந்தார்கள்.

“இன்னாரோடு பேச்சில்லை” என்று ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கடதாசி யாருடைய கையில் அகப்படும் என்று தெரியாதல்லவா? அதனால் கோபத்தில் இருப்பவருக்குச் சிறு வட்டம் போட்டேன். தனியாகக் கதைக்க விரும்புகிறவருக்கு ஒரு கோடு. மேலே எந்தப் புதன் எந்த வீடு, எத்தனை மணி என்பதையும் எழுதினேன். போதகருக்கு விளங்கும், வேறு ஆருக்கும் விளங்காது என்று அப்போது திருப்திப்பட்டேன்.

அந்தப் பட்டியலில் பதினாறு பெயர்கள், மூன்று கோடுகள், இரண்டு வட்டங்கள். வட்டங்களில் ஒன்று என் கணவருக்கு. மற்றது எங்கள் ஆர்மோனியக்காரருக்கு. அவர் துறைமுகத்தில் வள்ளங்கள் திருத்துகிற ஓடாவியார். கிறிஸ்மஸ் ஆராதனையில் அவர் வாசிப்பு முடியும் முன்னரே என் கணவர் பாடி முடித்துவிட்டார். ஓடாவியார் பெட்டியை மூடிவிட்டு, “பஸ் பிடிக்கிற ஆக்கள் முதலே போகலாம்” என்றார். “நீங்கள் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள உயிர்த்த ஞாயிறு வந்திடும்” என்றார் இவர். அன்றிலிருந்து பேச்சில்லை.

மார்ச் நடுவிலேயே அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது. தெற்கில் இளைஞர்கள் ஆயுதம் சேர்க்கிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. சீனன்குடா விமானத் தளத்திலிருந்து விமானங்கள் எழும்பும்போது எங்கள் குசினிச் சட்டிகள் அதிர்ந்தன. எங்கே போகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளை ஆள் பார்த்துக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டோம்.

செவ்வாய், ஏப்ரல் 6. என் கணவர் சீனன்குடாப் பக்கத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக ஏலாத ஒரு வேலைத்தலத்தில் எழுதுவினைஞர். அன்று பின்னேரம் போதகர் சீனன்குடா ஸ்டேஷனில் இறங்குவதாக ஏற்பாடு. வேலை முடிந்து அங்கேயே கொடுத்துவிடலாம் என்று பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மடித்துக் கொடுத்தது நான்தான்.

நாலரை மணி போல அவரோடு வேலை செய்கிற கிடங்குக்காரர் சைக்கிளில் வந்தார். கிண்ணியா ஆள், சிங்களமும் நன்றாகப் பேசுவார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டே சொன்னார்.

“டீச்சர், பயப்படாதீங்க. ஐயாவை வாசல்ல மறிச்சு வச்சிருக்காங்க. பையில ஒரு கடதாசி இருந்திச்சாம்.”

“அது கோயில் பட்டியல்.”

“அவரும் அதைத்தான் சொன்னாரு. வட்டம் என்னத்துக்கு, கோடு என்னத்துக்கு எண்டு கேட்டாங்க. அதுக்கு மட்டும் வாய் துறக்கிறாரில்ல. போதகருக்கு உள்ளதை வேற ஆளுக்குச் சொல்ல ஏலாதாம்.”

“ஊரடங்கு எத்தனை மணிக்கு?”

“தெரியா. நான் இப்ப போகணும். ரயிலும் வரல்ல, டீச்சர்.”

அவர் போன பிறகும் நான் வாசல் படலையில் கை வைத்தபடி நின்றேன். பெயர்கள், வீடுகள், நேரங்கள், இரகசியக் குறிகள். கிளர்ச்சிக்காரர் வீடு வீடாகக் கூடுகிறார்கள் என்று றேடியோ சொல்லிக்கொண்டிருக்கிற நாளில், ஒரு தடுக்கப்பட்ட இடத்தின் வாசலில் அப்படி ஒரு கடதாசி. அதை எழுதியவள் நான். என் கணவர் மட்டுமல்ல, மற்றப் பதினைந்து பேரும் அதில் இருந்தார்கள். அன்றிரவு எந்த வாகனச் சத்தம் கேட்டாலும், இப்போது எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று மனதுக்குள் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன்.

புதன் காலை ஊரடங்கு எடுத்தவுடன் ஓடாவியார் வீட்டுக்குப் போனேன். என் கணவர் வாய் திறக்காததற்கு அரைவாசிக் காரணம் இந்த மனிதன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வட்டத்தை விளக்கினால் மற்ற வட்டத்தையும் தேடி வருவார்கள். ஓடாவியாரைப் பிடித்துக் கொடுத்தவன் என்ற பெயர் என் கணவருக்கு வேண்டாம்.

ஓடாவியார் விறாந்தையில் முகம் வழித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, என்னோடு வந்து அந்தக் கோபத்தை விளக்கும்படி கேட்டேன். சவர்க்கார நுரையோடு திரும்பிப் பார்த்தார்.

“வட்டம் எனக்குமோ?”

“ஓம் அண்ணை.”

“ஆர் போட்டது?”

“நான்தான்.”

“அவருக்கு மட்டும் போட்டிருக்கலாம். பிழை அவரில.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்து அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள். “நீங்கள் போகவேண்டாம்” என்றாள். பிறகு என்னிடம், கோபமில்லாமல், “தங்கச்சி, அந்தக் கடதாசியில இவற்ற பேரும் கிடக்கு. போனால் ரெண்டு பேரையும் வச்சிருப்பாங்கள். அதுக்கு நீ என்ன செய்வாய்?” என்றாள்.

ஓடாவியார் முகத்தைத் துடைத்தார். ஒரு பக்கம் வழிக்காமலே இருந்தது. கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தார். “பின்னால இரு” என்றார். மனைவி அந்தக் கத்தியைக் கையில் வைத்தபடியே நடைவாசலில் நின்றாள். ஐந்தாறு மைல், மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். ஓடாவியார் இடது பக்கத்துக் கடலை ஒரு தரம்கூடப் பார்க்காமல் மிதித்தார். நான் அவருடைய சட்டையின் பின்பக்கம் வியர்வையில் நனைந்துகொண்டு வருவதைப் பார்த்தபடி இருந்தேன். அது வெயிலால் மட்டும் வந்த வியர்வை அல்ல என்றே நினைத்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் பலகை மறைப்பால் இரண்டாகப் பிரித்த ஓர் அறை. ஒரு பக்கம் என் கணவர். மற்றப் பக்கத்தில் நாங்கள். அதிகாரி இளம் ஆள், கண்கள் சிவந்து கிடந்தன, இரண்டு நாளாகத் தூங்கவில்லைப் போல. பட்டியலை மேசையில் விரித்து, மேலே ஒரு போத்தல் மூடியைப் பாரம் வைத்திருந்தார். கிடங்குக்காரர்தான் மொழிபெயர்த்தார்.

கோடுகளைப் பற்றி முதலில் கேட்டார். அவர்கள் போதகரோடு கதைக்க விரும்புகிறவர்கள், என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். வட்டம் என்றால் கோபம் என்றேன். ஆருக்கும் ஆருக்கும்? உள்ளே இருக்கிறவருக்கும் இவருக்கும்.

அவர் ஓடாவியாரை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்கப்போவதாகச் சொன்னார். என்னை வாய் திறக்க வேண்டாம் என்றார்.

“என்ன கோபம்?”

ஓடாவியார் நேராக நின்றார். “அவருக்குத் தாளம் இல்லை, ஐயா. ஆர்மோனியம் ஒரு இடத்தில நிக்கும், அவர் அடுத்த தெருவில நிப்பார்.”

கிடங்குக்காரர் இதை எப்படிச் சிங்களத்தில் சொன்னாரோ, வாசலில் நின்ற காவல்காரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை.

“எந்தப் பாட்டு?”

“கிறிஸ்மஸ் இரண்டாம் பாட்டு. மூன்றாம் சரணம்.”

“இப்ப நீங்கள் ரெண்டு பேரும் கூட்டோ?”

“இல்லை, ஐயா. நாங்கள் கதைக்கிறேல்லை. இப்பவும் கதைக்க மாட்டன். அவர் வெளிய வந்தாலும் கதைக்க மாட்டன்.”

அதிகாரி எழுந்து மறைப்புக்கு அந்தப் பக்கம் போனார். பலகை மெல்லியது, எல்லாம் கேட்டது. என் கணவருடைய குரல் கரகரத்துப் போயிருந்தது. முதலில் மறுத்தார். ஓடாவியாரே வந்து நிற்கிறார் என்று கிடங்குக்காரர் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார்.

“அவர் பாட்டை இழுத்துக்கொண்டு போறவர். செத்த வீட்டுக்கு வாசிக்கிற மாதிரி.”

“எந்தப் பாட்டு?”

“கிறிஸ்மஸ் இரண்டாம் பாட்டு.”

“எந்தச் சரணம்?”

“முதல் சரணத்திலேயே.”

மூன்றாம் சரணம் என்று ஓடாவியார், முதல் சரணம் என்று என் கணவர். இரண்டும் சரிதான் என்பதை எப்படி விளக்குவேன்? முதல் சரணத்தில் தொடங்கியது மூன்றாம் சரணத்தில்தான் எல்லாருக்கும் கேட்டது. ஆனால் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் ஓடாவியார் மூச்சை உள்ளே இழுத்து அப்படியே வைத்திருந்தார். தன்னையும் உள்ளே வைத்துவிடப்போகிறார்கள் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தன் சரணத்தை மாற்றிச் சொல்லும் எண்ணம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அதிகாரி திரும்பி வந்து பட்டியலை எடுத்தார். மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். மடித்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். கையால் வாசலைக் காட்டினார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

என் கணவர் வெளியே வந்தபோது செருப்புக் காலில் இல்லை. அதைக் கேட்டு வாங்க நாங்கள் நிற்கவில்லை. அவருடைய சைக்கிள் வெளியே சுவரில் சாத்தியபடி இருந்தது. அவர் ஓடாவியாரைப் பார்த்தார், ஓடாவியார் தன் சைக்கிளின் சங்கிலியைப் பார்த்தார். இரண்டு சைக்கிள்களும் ஊர் வரைக்கும் பத்து யார் இடைவெளியில் வந்தன. ஓடாவியார் முன்னால், மெதுவாக. என் கணவர் ஒரு தரம்கூட அவரை முந்தவில்லை.

பெரிய வெள்ளிக்குப் போதகர் வரவில்லை, திருவிருந்தும் இல்லை. ஊரடங்கு இடைவெளியில் ஏழு பேர் மட்டும் கூடினோம். ஆர்மோனியம் வாசித்தால் வெளியே கேட்கும் என்று பயந்து, பாட்டை வாசகமாகவே வாசித்தோம். பட்டியல் லாச்சியில் கிடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லியிருந்தேன். ஒருவர் அடுத்த லெந்து வரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெயர்களைத் தேடி ஆரும் வரவும் இல்லை. வரமாட்டார்கள் என்று நம்ப எங்களுக்கு அந்த ஆண்டு முழுவதும் எடுத்தது.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஓடாவியார் காலமாகி இரண்டாவது வருடம் கிடங்குக்காரரைச் சந்தையில் கண்டேன். பழைய கதை கதைத்தோம். அந்தப் புதன் காலையில், நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னரே, என் கணவரை விடச் சொல்லி உத்தரவு எழுதியாகிவிட்டது என்றார். நாங்கள் போய் நின்றபடியால்தான், இரண்டு வட்டமும் ஒன்றாக வந்து நிற்கின்றன என்று மறுபடி சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டார்களாம். அப்படியானால் நான் ஒரு மனிதரைத் தேவையில்லாமல் அந்த வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் கிடங்குக்காரர் உத்தரவைத் தன் கண்ணால் பார்க்கவில்லை, ஒருவர் சொல்லக் கேட்டவர். வாசல் பதிவேட்டில் நேரம் இருக்கும் என்று இரண்டு தரம் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. உத்தரவு நாங்கள் போகுமுன் எழுதப்பட்டதா, போன பின்னா என்பதை இதை எழுதும் இன்று வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.