ஜப்பான் பர்கரில் கோழிதான் இருக்கும் என்று நம்பினோம்

குமார் அண்ணே, நீ போன பிறகும் அந்தக் கடையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் மலேசியாவில் ஈப்போ பக்கம் உள்ள சுங்காய் ஊர்க்காரர்கள். ஜப்பானில் கார் சாமான் செய்யும் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தோம். அண்ணனுக்கு இறால் ஆகாது, சாப்பிட்டால் தொண்டை வீங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க பாணி பர்கர் கடைக்குப் போனோம். பலகையில் இருந்த ஜப்பான் எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியாது. பொன்னிறமாகப் பொரித்த பர்கர் படம் ஒன்றை அண்ணன் விரலால் காட்டினார்.

"என்னான்னு கேட்டுப் பாருண்ணே," என்றேன்.

"பர்கர்ல மாடு இல்லன்னா கோழிதான்லா. ஈப்போவுல எத்தன தின்னுருக்கோம், பயந்தாங்கொள்ளி," என்று சிரித்தார்.

ஈப்போவில் அது சரி. ஜப்பானிலோ இறாலை மாவில் தோய்த்து, கோழி மாதிரியே வட்டமாகப் பொரித்து ரொட்டிக்குள் வைக்கிறார்கள். மேலே வெள்ளை சாஸைக் கொட்டி வாசனையையும் மறைத்துவிடுகிறார்கள். அதைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மூச்சு முட்டுதுடா," என்றார். கடைப்பெண் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பு எனக்கு எதற்கு? ஆம்புலன்ஸ் வந்தும் அண்ணன் பிழைக்கவில்லை.

அந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பு. இப்போது ஈப்போவில்கூட, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் எதையும் வாயில் வைப்பதில்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும், என் அண்ணன் குமாருக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.