பைனாவுக்கு வந்த தபால்

எங்க ஆர்லீதா அக்கா மாதிரி ஒரு கோபக்காரி தெற்குக் கரோலைனா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டா. எனக்குப் பெரியப்பா மக. தபால்காரி. ஆத்தோரத்துச் சேத்து ரோட்டுல, ஓட்டை ஜீப்புல, ஓய்வு வாங்குற வரைக்கும் வீடு வீடாத் தபால் போட்டவ. மத்த தபால்காரங்க வாசல் பெட்டியில சொருகிட்டுப் போயிடுவாங்க. இவ மட்டும் வாசல்ல வண்டியை நிறுத்தி, "எட்னா! தபால்!"னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவா. உறையில யார் பேர் இருக்கோ அந்தக் கையிலதான் கொடுப்பா.

ஒரு நாள் ரூஃபஸ்னு ஒருத்தன் வழியை மறிச்சான்.

"அது என் பொண்டாட்டிக்கு வந்தது. எங்கிட்ட கொடு."

"ஏன்டா, உன் பேரு மேபெலா?"

"நான் அவ புருஷன்!"

"அப்ப அவ பாவாடையைக் கட்டிட்டு வா, யோசிக்கிறேன்."

உள்ளே போய்த் துப்பாக்கியே கொண்டு வந்துட்டான். இவ அசையணுமே! மேபெல் ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து வாங்குற வரைக்கும் வெயில்ல நின்னா. அன்னைக்குச் சாயங்காலம் என் பார்லர்ல தலையைக் கழுவக் கொடுத்துக்கிட்டே சொன்னா: "இதைக் கேட்டுக்கோ லூசிண்டா. எழுதினவன் கையை விட்டுட்டா கடுதாசிக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான். நடுவுல இருக்கிறவங்க எல்லாம் சும்மா சுமக்கிறவங்க." நான் சோப்பு நுரை அவ கண்ணுல போகாம பாத்துக்கிறதுல இருந்தேன், பெருசா எடுத்துக்கல.

எங்க கில்லியார்ட் குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்டு மாசம் எல்லாரும் கூடி, சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற கல்லறைகளைச் சுத்தம் பண்ணிட்டு ஓக் மரத்தடியில சாப்பிட உக்காருவோம். சாப்பாட்டுக்கு முன்னாடி க்ளோவிஸ் மாமா எழுந்து ஒவ்வொரு பேரா கூப்பிடுவார். வந்தவங்க "இருக்கேன்"னு சொல்லணும். வர முடியாதவன் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா, வீட்டாளுங்க "எழுதியிருக்கான்"னு சொல்லுவாங்க. அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வெப்போம். வரவும் இல்ல, எழுதவும் இல்லைன்னா போச்சு. குஞ்சு குளுவான் எல்லாம் சேந்து "டைட்டஸ்!"னு கத்தி மானத்தை வாங்கிடும்.

டைட்டஸ் யாருன்னா, எங்க வம்சம் ஆரம்பிக்கிற பைனாவோட மூத்த மகன். பைனா, லாங்டேல்ங்கிற வெள்ளைக்காரனோட நெல் பண்ணையில அடிமைச் சமையல்காரி. மகனுக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே அவனை டெக்ஸஸுக்கு வித்துட்டாங்க. அப்புறம் உள்நாட்டுச் சண்டை முடிஞ்சு அடிமைகளுக்கு விடுதலை வந்தது. வித்துப் போன புள்ளைங்க பலபேரு நடந்தே திரும்பி வந்தாங்க. வர முடியாதவங்க யாரையாவது பிடிச்சுக் கடுதாசி எழுதிப் போட்டாங்க. டைட்டஸ் வரல, எழுதவும் இல்ல. நகந்து போனா புள்ள வந்து தேடி ஏமாந்துடுவானேன்னு, பைனா சாகுற வரைக்கும் அதே லாங்டேல் வீட்டு அடுப்பங்கரையில வெந்தா. கடைசியா அவ சொன்னது எங்க வீட்டுல பச்சைப் புள்ளைக்கும் தெரியும்: "இனிமே டைட்டஸ் வந்தா கதவைத் திறக்காதீங்க."

அன்னையிலேருந்து பெத்தவளை மறந்தவனுக்கு எங்ககிட்ட அதுதான் பேரு. வீட்டுல தங்காம ஓடிப் போற என் நாய்க்குக்கூட டைட்டஸ்னுதான் வெச்சிருந்தேன்.

போன வருஷம் சர்ச் ஆளுங்களோட பஸ் ஏறி மாநிலத் தலைநகரத்துக்குப் போனோம். அங்க ஒரு ஆவணக் காப்பகத்துல பழைய கடுதாசிக் கண்காட்சி. சிப்பாய் எழுதினது, கவர்னர் எழுதினது, நிலப் பத்திரம், மனுஷங்களை வித்த ரசீது, எல்லாம் கண்ணாடிக்குள்ள, மேல விளக்கு வேற. எனக்குக் கால் கடுத்து, எங்கடா உக்காரலாம்னு பாத்துக்கிட்டிருந்தேன். மூலையிலேருந்து அக்காவோட குரல் வந்தது.

"லூசிண்டா! இங்க வாடி!"

தனியா ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெல்வெட்டு மேல பழுத்துப் போன ஒரு உறை. பக்கத்துல அட்டை: 'பிரிக்கப்படாத கடிதம், 1866. மிக அரிது. லாங்டேல் குடும்பத்தாரின் அன்பளிப்பு.' உறை மேல சாய்ஞ்ச கையெழுத்துல விலாசம்: 'சமையல்காரி பைனாவுக்கு, லாங்டேல் அவர்கள் மூலமாக.' ஓரத்துல டெக்ஸஸ் முத்திரை.

டெக்ஸஸ்லேருந்து பைனாவுக்கு எழுத டைட்டஸை விட்டா வேற யாரு இருக்கா? அக்கா கண்ணாடியைத் தட்டின தட்டுல காப்பகத் தலைவி விட்லோ அம்மாவே ஓடி வந்துட்டா.

"திறங்க இதை. எங்க வீட்டுத் தபால் இது."

"மேடம், பிரிக்காம இருக்கிறதுதான் இதோட மதிப்பே. உள்ளே என்ன இருக்கும்னு தெரியாததாலதான் ஜனங்க இதுக்கு முன்னாடி இவ்வளவு நேரம் நிக்கிறாங்க."

"தெரியாமயே ஒருத்தி செத்துப் போனா. உங்களுக்கு அது போதாதா?"

"அப்படி இல்லைங்க. லாங்டேல் குடும்பம் இத்தனை தலைமுறையாப் பாதுகாத்து..."

"பாதுகாத்தாங்களா? அமுக்கினாங்கன்னு சொல்லுங்க! அவன் பேரா பைனா?"

ஏன் கொடுக்கலைன்னு எனக்குத் தெரியும். என்னை யாரும் ஆராய்ச்சி பண்ணச் சொல்ல வேண்டாம். கொடுத்தா அவ மகனைத் தேடிக் கிளம்பிடுவா, அப்புறம் யாரு வடிச்சுக் கொட்டுறது? அதான். அந்தப் பாவி அதைப் பிரிச்சுப் படிக்கக்கூட இல்ல. கிழிச்சும் போடல. மேஜை டிராயருக்குள்ள வீசிட்டு, அவ ஆக்கி வெச்சதைத் தின்ன உக்காந்துட்டான்.

அதுக்கப்புறம் வாரா வாரம் அக்கா பஸ் ஏறிப் போய் அந்தப் பெட்டி பக்கத்துல நின்னா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் கதையைச் சொன்னா. காவலாளி நகரச் சொன்னா, "நான் எதையும் தொடலையேப்பா. தபால் கொடுக்க வந்தேன், நீங்கதான் விட மாட்டேங்கிறீங்க"ன்னுவா. கமிட்டி கூடும், கமிட்டி யோசிக்கும்னு காப்பகம் இழுத்தடிச்சது. லாங்டேல் வம்சத்துல மிச்சமிருக்கிற ஒரு கிழவி எங்களுக்கு வாசனைக் காகிதத்துல பதில் எழுதினா: 'பைனா மீது எங்கள் குடும்பத்துக்கு என்றும் அன்பு உண்டு. அவளுடைய இறால் குழம்பை இன்றும் சமைக்கிறோம்.'

"இறாலையும் தின்னுட்டாங்க, புள்ளையையும் தின்னுட்டாங்க!"ன்னு அக்கா அதைக் கசக்கி என் பார்லர் குப்பைக்கூடையில எறிஞ்சா. நான் எடுத்து நீவி ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட கொடுத்தேன். அதோட அக்கா பெட்டி பக்கத்துல நிக்கிற படமும் வந்ததும் கமிட்டிக்குச் சுறுசுறுப்பு வந்துடுச்சு. பிரிக்கலாம், ஆனா அசல் அவங்ககிட்டயே இருக்கும், எங்களுக்கு நகல்தானாம். எங்க ஆத்தாளுக்கு வந்த கடுதாசிக்கு எங்களுக்கு நகல்! அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டா, எனக்கு இன்னும் ஆறல.

பிரிக்கிற அன்னைக்கு ஒரு பையன் வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு, ஓரத்தை ஈரமாக்கி, மெல்லிசான தகட்டை விட்டு மெதுவா நெம்பினான். உள்ளே ஒரே ஒரு தாள். விட்லோ அம்மா படிக்க வாயெடுத்தா. அக்கா கையைக் காட்டி அவளை நிறுத்திட்டு, தானே குனிஞ்சு படிச்சா.

"அம்மா, நான் டைட்டஸ். உயிரோட இருக்கேன். இங்க மரம் அறுக்கிற மில்லுல வேலை. எனக்கு எழுதத் தெரியாது, ஒரு வாத்தியார் எழுதித் தர்றார். நீ இருக்கிற இடம் மாறலைன்னு ஒரு வார்த்தை வந்தா போதும், நடந்தாவது வந்துடுவேன். தங்கச்சி ஃபீபி வளந்திருப்பா, என்னை ஞாபகம் இருக்காது, அண்ணன் இருக்கான்னு சொல்லு. அறுவடை வரைக்கும் பாப்பேன். பதில் வரலைன்னா நீ செத்துட்டேன்னு எடுத்துக்குவேன். ஏன்னா, உயிரோட இருந்தா நீ எனக்குப் பதில் போடாம இருக்க மாட்டே."

விட்லோ அம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. அந்தக் கண்ணீரை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? அக்கா அழல. மேஜையில ஓங்கி அடிச்சா.

"உயிரோடதான்டா இருந்தா! டேய், அடுப்பங்கரையில உயிரோடதான்டா இருந்தா!"

அவன் அம்மாவைச் சந்தேகப்படவே இல்லை. நாங்கதான் ஃபீபி வழியா வந்த அத்தனை பேரும் அவனைக் காறித் துப்பினோம், சிரிச்சுக்கிட்டே துப்பினோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா நாய்க்குப் பேரை மாத்தினேன். லாங்டேல்னு வைக்கலாம்னுதான் பாத்தேன். அப்புறம் நாய் என்ன பாவம் பண்ணுச்சுன்னு விட்டுட்டேன்.

ஆகஸ்டு வந்தது. கல்லறைகளைச் சுத்தம் பண்ணினோம். அக்கா பைனாவோட கல்லு முன்னாடி போய், "பைனா! தபால்!"னு கத்திட்டு நகலை முழுக்கப் படிச்சா. தக்காளி போட்டு ஆக்கின சிவப்புச் சோறும் இறாலும் ஆறிக்கிட்டிருந்தது, ஒருத்தரும் தட்டைத் தொடல.

க்ளோவிஸ் மாமா தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேர் கூப்பிட ஆரம்பிச்சார். இருக்கேன், இருக்கேன், எழுதியிருக்கா. லீராய்னு கூப்பிட்டார். அவன் வரல, எழுதவும் இல்ல. புள்ளைங்க வாயைத் திறந்ததுங்க, அக்கா முறைச்ச முறைப்புல அப்படியே மூடிக்கிச்சுங்க. கடைசிப் பேர் முடிஞ்சும் மாமா உக்காரல. அவர் ஆயுசுல கூப்பிடாத பேரைக் கூப்பிட்டார்.

"டைட்டஸ் கில்லியார்ட்?"

ஆர்லீதா அக்கா எழுந்து நின்னு, வாசல்ல வண்டியை நிறுத்திக் கத்துவாளே அதே கோபக் குரல்ல, லாங்டேல் வீட்டு வாசல் வரைக்கும் கேக்கணும்னு கத்தினா.

"எழுதியிருக்கான்!"

நான் அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வெச்சேன்.