வலது கையில் மில்க் டொபி, இடது கையில் வட்டிலாப்பம்

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் நாவற்குடா வீட்டில் ஒரு சேலை காய மூன்று நாளாகும். அந்த ஈர நாற்றத்தோடு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பிக்க எனக்குப் பொறுமையில்லை. ஒரு சனிக்கிழமை காத்தான்குடி அத்தர் கடைக்குப் போய் வழமைபோல மல்லிகை கேட்டேன்.

"இந்தக் குளிருக்குப் பூ வாசம் எடுபடா டீச்சர். இனிப்புத்தான் நிண்டு புடிக்கும்" என்றார் கடைக்காரர்.

கண்ணாடிக் குச்சியால் என் இரண்டு புறங்கையிலும் ஒவ்வொன்றைத் தொட்டுவைத்தார். வலது கை அச்சு அசல் மில்க் டொபி. இடது கை வட்டிலாப்பம். தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய் எல்லாம் இருந்தன. மாறி மாறி மணந்து பார்த்தேன். கடையில் நின்ற இரண்டு பெண்களிடமும் கையை நீட்டினேன். ஒருத்தி வலது என்றாள், மற்றவள் இடது என்றாள். நல்ல உதவி! எரிச்சலோடு, "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

வீட்டில் கேட்கவும் வழியில்லை. என் கணவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையற்காரர். வைகாசியில் வந்த காய்ச்சலோடு அவருடைய மூக்கு செத்துப்போனது. பிறகு கறியை வேறொருவர் இறக்க, இவர் வெங்காயம் அரிந்தார். மழைக்கு ஹோட்டலில் ஆட்கள் குறைய வீட்டுக்கு வந்தவர், இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். மணம் தெரியாதவனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று ஒருநாள் அழுதார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்காது.

குடையை மடக்கி உள்ளே போய், கதிரையில் இருந்தவரைத் தாண்டிக் கொடியில் துணியைத் தொட்டுப் பார்த்தேன். அவர் எழும்பி நேரே குசினிக்குப் போனார். சட்டி மூடிகள் ஒவ்வொன்றாகத் திறபடும் சத்தம் கேட்டது.

"என்ன தேடுறீங்க?"

"காத்தான்குடியில வாங்கின வட்டிலாப்பத்த எங்ககா ஒளிச்சு வெச்ச? எனக்குத் தராமத் தின்னப் போறியா?"

ஓடிப்போய் வலது கையை அவர் மூக்கடியில் நீட்டினேன்.

"ஒண்டுமில்ல" என்றார்.

இடது கையை நீட்டினேன். பிடித்த கையை அவர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார், பிறகும் இழுத்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. எந்த அத்தரை வாங்குவது என்ற கேள்வி அந்த இடத்திலேயே முடிந்தது.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்து முகத்தைச் சுளித்தார்.

"ஏலக்காய் கூடிப்போச்சுகா. நானெண்டா இவ்வளவு போடமாட்டன்."

அந்தச் சமையற்காரரின் குரலைக் கேட்டு ஏழு மாதமாகியிருந்தது.